72 படங்களில் ஓர் ஆட்டுக்கல்: மெஷ்ரூம் மென்பொருள் குறித்து ஒரு மதிப்புரை

ஊரில் இருந்த பழைய வீட்டை இடிப்பதற்கு நாள் குறித்த பிறகு, அதன் பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இரண்டு ஆள் சேர்ந்தாலும் புரட்டத்தான் முடியுமே தவிர தூக்க முடியாத கல் அது. அதை நகரத்துக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது நடக்காத காரியம். விலைக்கு வாங்கவும் யாரும் வரவில்லை. கல்லைத்தான் கொண்டுபோக முடியாது, அதன் உருவத்தையாவது கொண்டுபோகலாம் என்று நினைத்து, தட்டையான புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரியை உருவாக்கும் மென்பொருள்களைத் தேடினேன். அப்படிக் கண்டெடுத்து, கடந்த நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வரும் மெஷ்ரூம் என்ற மென்பொருளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

மெஷ்ரூம் இலவசமானது, அதன் மூலநிரலும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் சிலவும், திரைப்படங்களுக்கு வரைகலை செய்யும் மிக்ரோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஆலிஸ்விஷன் என்னும் கணிப்புத் தொகுப்புதான் உள்ளே வேலை செய்கிறது. அதற்கு மேலே நாம் கையாளும் முகப்பே மெஷ்ரூம். முதல் பொதுப் பதிப்பு 2018ஆம் ஆண்டு வந்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் நிறுவ வேண்டிய தேவைகூட இல்லை. சுருக்கிய கோப்பை இறக்கி, விரித்து, நேரடியாக இயக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முழுத் தரத்தில் மாதிரி வேண்டுமென்றால் கணினியில் என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தாக வேண்டும். அது இல்லாதவர்கள், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காணும் ஆழக் கணக்கீட்டைத் தவிர்த்துவிட்டு ஒரு கரட்டு மாதிரியைப் பெறலாம். ஆனால் அது களிமண்ணில் அவசரமாகப் பிடித்துவைத்த உருவம்போல இருக்கும். 16 ஜிபி நினைவகமும் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் கொண்ட என்னுடைய நடுத்தர மடிக்கணினி, வீட்டுப் பொருள்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மென்பொருளின் தரத்தைச் சொல்வதற்கு முன், இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் முப்பரிமாண உருவம் தருகிற செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் இப்போது பல வந்துவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு ஆட்டுக்கல்லின் முன்பக்கப் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வந்த உருவம் முதல் பார்வைக்கு அழகாகவே இருந்தது. திருப்பிப் பார்த்தபோது, பின்பக்கம் கடையில் புதிதாக வாங்கியதுபோல மொழுமொழுவென்று இருந்தது. எங்கள் கல்லின் பின்விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அது அப்படித்தான். அந்தச் சேவை அதைக் கண்டதில்லை, ஆதலால் தனக்குத் தெரிந்த ஆயிரம் கற்களின் சராசரியை அங்கே வைத்து ஒட்டிவிட்டது. மெஷ்ரூம் இப்படி ஊகிப்பதில்லை. நீங்கள் காட்டியதை அளக்கிறது; காட்டாத இடத்தில் ஓட்டை விடுகிறது. இந்த நேர்மைதான் இந்த மென்பொருளின் பெரிய குணம் என்பது என் கருத்து. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இது ஏற்றதல்ல.

படத்தை வைத்து அளக்கும் எண்ணம் ஒன்றும் புதிதல்ல. 1858ஆம் ஆண்டு ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து விழுந்து உயிரை விடும் நிலைக்குப் போய்த் தப்பினார். சுவரில் ஏறி நாடா பிடிப்பதற்குப் பதிலாக, கட்டடத்தைப் படம் பிடித்து அந்தப் படத்தை அளந்தால் என்ன என்று அவருக்கு அதன் பிறகு தோன்றியது. இந்த முறையைக் குறிக்கும் போட்டோகிராமெட்ரி என்ற சொல்லே அவர் வழியாக 1867இல் அச்சேறியதுதான். அவர் காலத்தில் கேமரா எங்கே நின்றது என்பதை முன்கூட்டியே அளந்து குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைய மென்பொருளுக்கு அதுவும் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் ஆயிரக்கணக்கான அடையாளப் புள்ளிகளைத் தானே பொறுக்கி, ஒரு படத்தில் உள்ள புள்ளி அடுத்த படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பொருத்தி, அந்த நகர்வுகள் எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தும்படியாகக் கேமராக்கள் நின்ற இடங்களையும் புள்ளிகள் இருக்கும் இடங்களையும் ஒரே கணக்கில் கண்டுபிடித்துவிடுகிறது.

இதனால் ஒன்று விளங்கும். பொருளின் மேற்பரப்பில் பொறுக்குவதற்குப் புள்ளிகள் இருக்க வேண்டும். அந்த வகையில் ஆட்டுக்கல் இதற்காகவே செய்ததுபோன்ற பொருள். கருங்கல்லின் கறுப்பும் வெள்ளையுமான பொரிகளும், ஆண்டுக்கொருமுறை தெருவில் கூவிக்கொண்டு வருபவரைக் கூப்பிட்டுக் கொத்திய உளித் தடங்களும் எந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இருந்தும் என் முதல் முயற்சி வீணாகிப்போனது. அதற்குக் காரணம் நான்தான். உச்சிவெயிலில் எடுத்தேன். குழியின் ஒரு பாதி வெள்ளையாக எரிந்தது, மறு பாதி இருட்டில் மூழ்கியது. போதாக்குறைக்குக் குழவியையும் உள்ளேயே விட்டிருந்தேன். வந்த மாதிரியில் குழவியும் குழியும் ஒன்றாக இளகி, ஆறிப்போன மெழுகுபோலக் காட்சியளித்தன.

இரண்டாம் முறை மேகம் மூடிய ஒரு காலையில் எடுத்தேன். குழவியை எடுத்துத் தனியே வைத்தேன். கல்லைச் சுற்றிப் பழைய நாளிதழ்களை விரித்தேன். வழவழப்பான சிமெண்டுத் தரையில் மென்பொருளுக்குப் பிடிப்பு கிடைப்பதில்லை, ஆனால் அச்செழுத்து நிறைந்த தாள் பக்கத்தில் இருந்தால் அதையும் அடையாளமாகக் கொண்டு கேமராவின் இடத்தைக் கணித்துவிடுகிறது. சுமார் 15 பாகைக்கு ஒரு படம் என்று சுற்றி வந்தால் ஒரு சுற்றுக்கு 24 படங்கள். தரையோடு ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, மேலிருந்து குழிக்குள் பார்த்தபடி ஒரு சுற்று என மொத்தம் 72. ஜூம் தொடவில்லை, ஃபிளாஷ் போடவில்லை. நடுவில் யாரையும் கல்லுக்குப் பக்கத்தில் வர விடவில்லை. பூனை ஒன்று மட்டும் கேட்கவில்லை. அது வந்து உட்கார்ந்த படத்தை நீக்கிவிட்டு, அதே இடத்தில் நின்று மீண்டும் எடுத்தேன்.

படங்களை மெஷ்ரூமின் இடப்பக்கப் பலகத்துக்குள் இழுத்துவிட்டு, மேலே உள்ள தொடக்கப் பொத்தானை அழுத்தினால் போதும், மாதிரி வரும். இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. ஆனால் கீழ்ப்பலகத்தில் இந்த வேலையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பெட்டியாக வரையப்பட்டு, கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கிறது: புள்ளி பொறுக்குதல், பொருத்துதல், கேமரா இடம் காணுதல், ஆழம் கணித்தல், வலைப்பரப்பு கட்டுதல், அதன் மேல் படத்தின் நிறத்தைப் போர்த்துதல். முடிந்த கட்டம் பச்சை, நடந்துகொண்டிருப்பது ஆரஞ்சு, தவறினது சிவப்பு. மற்ற பல செயலிகள் மூடிய பானைக்குள் நடத்தும் சமையலை இது திறந்த அடுப்பில் நடத்துகிறது. குழம்பு எங்கே அடிப்பிடித்தது என்று நமக்குத் தெரிகிறது. கேமரா இடம் காணும் கட்டம் முடிந்ததும், வலப்பக்கக் காட்சியில் கல்லின் புள்ளித்திரளும், அதைச் சுற்றி மூன்று வளையங்களாக நான் நின்ற இடங்களும் சின்னச் சின்னக் கூம்புகளாகத் தோன்றின. 72இல் 71 இடம் பிடித்திருந்தன. விடுபட்டது கை ஆடிப்போய் மங்கலான படம்.

ஆழம் கணிக்கும் கட்டம்தான் நேரத்தைத் தின்பது. என் கணினியில் மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கட்டத்துக்கே போயிற்று. முதல் நாள் இரவு மின்சாரம் போய், மின்கலமும் தீர்ந்து, மடிக்கணினி அணைந்துவிட்டது. எல்லாம் போயிற்று என்று எண்ணி மறுநாள் திறந்தால், முடிந்த கட்டங்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. விட்ட இடத்திலிருந்து அது தொடர்ந்தது. ஒவ்வொரு கட்டத்தின் விளைவையும் வட்டில் எழுதிவைத்துவிட்டே அடுத்ததற்குப் போவதால் கிடைக்கும் நன்மை இது. நம் ஊர் மின்தடைகளை மனத்தில் வைத்துச் செய்தார்களோ என்று தோன்றும் அளவுக்கு எனக்கு இது பிடித்துப்போனது.

வந்த மாதிரியைப் பற்றி என்ன சொல்வது! கொத்திய தடங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. குழியின் அடிப்பகுதி மட்டும், பல ஆண்டுகள் மாவு அரைத்து வழுவழுப்பாகிவிட்டதால், சற்று மேடுபள்ளமாக வந்திருந்தது. அந்தப் பளபளப்பில் பொறுக்குவதற்குப் புள்ளிகள் குறைவு. பின்விளிம்பில் பெயர்ந்த சில்லு அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில், எப்போதோ வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தெறித்த ஒரு சுண்ணாம்புத் துளியும் இருந்தது. கல்லை அத்தனை ஆண்டுகள் பார்த்தும் அந்தத் துளியை நான் மாதிரியில்தான் முதன்முதலாகக் கவனித்தேன்.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதலாவது, முடிந்த மாதிரி எங்கே இருக்கிறது என்று மென்பொருள் எளிதில் காட்டுவதில்லை. திட்டக் கோப்புக்குப் பக்கத்திலேயே மெஷ்ரூம்கேஷ் என்று ஒரு கோப்புறை உருவாகிறது. அதற்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் எழுத்தும் எண்ணும் கலந்த, மனிதர் படிக்க முடியாத பெயருடைய இன்னொரு கோப்புறை. அங்கேதான் உங்கள் மாதிரி அடங்கிய ஓபிஜே கோப்பு குடியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வேலை முடிந்த பிறகும் மாதிரியைக் காணவில்லை என்று தவிப்பது இதனால்தான். நிறம் போர்த்தும் கட்டத்தின் மேல் வலச்சொடுக்கிட்டுக் கோப்புறையைத் திறந்துகொள்வது எளிய வழி. அந்தக் கேஷ் கோப்புறை வட்டில் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, வரும் மாதிரிக்கு அளவு கிடையாது. புகைப்படத்தை மட்டும் பார்த்து, அது ஆட்டுக்கல்லா அல்லது கொலுவில் வைக்கும் ஆட்டுக்கல் பொம்மையா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. இது மென்பொருளின் குற்றமல்ல, வடிவியலின் இயல்பு. அதனால் படம் எடுக்கும்போதே பக்கத்தில் 30 செ.மீ. எஃகு அளவுகோல் ஒன்றை வைத்துவிட்டேன். பிறகு பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் அந்த அளவுகோல் 30 செ.மீ. வரும்படி மாதிரியைப் பெருக்கினேன். கல்லின் உயரம் நாடாவில் 31.5 செ.மீ., மாதிரியில் 31.4 செ.மீ. வீட்டு வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? வேறொன்று: கல்லைப் புரட்டிப் படம் எடுக்கவில்லை, ஆதலால் மாதிரிக்கு அடிப்பாகம் இல்லை. முப்பரிமாண அச்சில் சிறிதாக எடுத்துத் தரக் கேட்டபோது, அச்சுக் கடைக்காரர் முதலில் திருப்பி அனுப்பியது இதற்காகத்தான். பிளெண்டரில் அடியை மூடிக் கொடுத்தேன்.

கல்லில் வென்றவன் பித்தளையில் தோற்றேன். அம்மா வெள்ளிக்கிழமைக்காகப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த குத்துவிளக்கை ஆசையாக எடுத்து, 90 படங்கள் பிடித்தேன். மென்பொருள் கேமராக்களில் பாதியைக்கூட இடம் பிடிக்கவில்லை. பளபளப்பான பரப்பில் தெரிவது விளக்கே அல்ல, அதில் விழுந்த சன்னலின் பிம்பம். நான் நகரும்போது அந்தப் பிம்பமும் நகர்கிறது. அது நிலையான புள்ளி அல்லாததால் கணக்கே குலைந்துபோகிறது. கண்ணாடி, எவர்சில்வர், மெருகேறிய மரம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மறுபடியும் மெல்லிய துணியில் முடிந்த கோலமாவை விளக்கின் மேல் பூசணம் பூத்ததுபோல மெதுவாகத் தட்டிவிட்டு எடுத்தபோது உருவம் நன்றாகவே வந்தது. ஆனால் நிறம் பித்தளை நிறமாக இல்லாமல் சாம்பல் பூத்து வந்தது. விளக்கைத் திரும்பத் தேய்த்து வைக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பாடம் தம்பி மகனால் கிடைத்தது. அவன் ஊரில் எடுத்த குழவியின் படங்களை அரட்டைச் செயலி வழியாக அனுப்பினான். அந்த வழியில் வரும் படம் சுருங்கிவிடுகிறது. எந்தக் கேமரா, லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவு என்று படத்துக்குள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலும் உதிர்ந்துவிடுகிறது. அந்தத் தகவலைக் கொண்டுதான் மெஷ்ரூம் தன் கணக்கைத் தொடங்குகிறது. அது இல்லாத படத்தின் மூலையில் பச்சைக் குறிக்குப் பதிலாகச் சிவப்புக் குறி காட்டி எச்சரிக்கிறது. அதே படங்களை ஆவணக் கோப்பாக அனுப்பச் சொன்ன பிறகு சிக்கல் தீர்ந்தது.

இந்த மென்பொருளின் உண்மையான வலிமையை நான் கண்டது ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் ஒரு கல்வெட்டுப் பலகையில். வெறும் கண்ணுக்கு முதல் வரியின் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' மட்டுமே பிடிபடும்; மற்றதெல்லாம் பாசியும் தேய்மானமும்தான். இத்தகைய கற்களில் ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றி எடுக்கும் மைப்படியே நெடுங்கால வழக்கம். அதற்குப் பழகிய கையும் உரிய அனுமதியும் வேண்டும், பொரிந்துபோன கல்லாக இருந்தால் அச்சமும் உண்டு. நான் கல்லைத் தொடவே இல்லை. 60 படங்கள் எடுத்தேன், அவ்வளவுதான். மாதிரியை மெஷ்லேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திறந்து, மேலே போர்த்திய நிறத்தை நீக்கினேன். பாசி, கறை, பறவை எச்சம் எல்லாம் ஒரே நொடியில் போய், கல்லின் மேடுபள்ளம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. ஒளியைத் தரையோடு படுக்கவைத்துத் திருப்பியபோது, மூன்றாம் வரியில் அரசனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் 'யாண்டு' என்ற சொல் நிழலாக எழுந்தது. அதற்கடுத்து வரவேண்டிய எண் சிதைந்த பகுதியில் போய்விட்டது. இருந்தாலும் அந்தச் சொல் எழுந்த கணத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஊகித்து நிரப்பும் சேவைகளை இந்த வேலைக்குக் கிட்டவே சேர்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தேய்ந்த எழுத்தை அவை தம் விருப்பப்படி திருத்திவிட்டால், கல்லில் இல்லாத ஓர் அரசன் திரையில் பிறந்துவிடுவான்.

இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், இறந்துபோன தன் தந்தையாரின் ஒரே ஒரு பழைய படத்தைக் கொடுத்து அதையும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வருத்தமாகத்தான் இருந்தது. குறைந்தது இரண்டு கோணங்களாவது இருந்தால்தான் ஆழம் என்ற ஒன்றையே அளக்க முடியும். ஆப்கானிஸ்தானின் பாமியானில் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பெரிய புத்தர் சிலையைச் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் கணினியில் மீட்டெடுத்தபோது, அவர்களுக்கு முதன்மையாக உதவியவை 1970இல் அளவைக்கென்றே எடுக்கப்பட்ட மூன்று படங்கள். 53 மீட்டர் உயரச் சிலைக்கு அந்த மூன்று கோணங்கள் போதுமானவையாக இருந்தன. அங்கும் ஆடை மடிப்புகளின் நுணுக்கத்தைத் தானியங்கிக் கணக்கால் பிடிக்க முடியாமல், மனிதர் ஒருவர் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கையால் அளக்க வேண்டியிருந்தது.

மாற்றுகள் உண்டா என்றால் உண்டு. கைப்பேசியிலேயே படம் எடுத்து, தங்கள் சேவையகத்தில் கணித்துத் தரும் பாலிகாம், கிரி எஞ்சின் போன்ற செயலிகள் வேகமானவை. என்விடியா கார்டு இல்லாதவர்களுக்கு அவை ஒரு நல்ல வழி. ஆனால் படங்கள் உங்கள் கையை விட்டுப் போகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். தொழில்முறையில் பெயர்பெற்ற ரியாலிட்டிகேப்சர் (இப்போதைய பெயர் ரியாலிட்டிஸ்கேன்), 2024 முதல் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் குறைந்தவர்களுக்கு இலவசமாகிவிட்டது. வேகத்தில் மெஷ்ரூம் அதனோடு போட்டியிட முடியாது. கண்ணுக்கு அழகான காட்சிதான் வேண்டும், அளவு வேண்டாம் என்பவர்கள் காட்சியை எண்ணற்ற மங்கலான நிறப்புள்ளிகளால் தீட்டிக் காட்டும், 2023இல் அறிமுகமான காஸியன் ஸ்பிளாட்டிங் முறையைப் பார்க்கலாம். என் குத்துவிளக்கைப்போன்ற பளபளப்பான பொருள்களை அது அழகாகக் காட்டுகிறது, ஆனால் அச்சிடவோ அளக்கவோ உதவும் கெட்டியான பரப்பை எளிதில் தருவதில்லை.

நான் மெஷ்ரூமிலேயே இருக்கப்போகிறேன். ஆங்கிலம் மட்டுமே பேசும் முகப்பும், புதிர்போன்ற கோப்புறைப் பெயர்களும், ஒன்றேகால் மணி நேரக் காத்திருப்பும் எனக்குப் பழகிவிட்டன. வீடு இடிபட்டு ஒரு மாதம் ஆகிறது. ஆட்டுக்கல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார். குத்துவிளக்கை அடுத்த முறை, பொங்கலுக்கு வீடு துலக்குவதற்கு முந்தைய நாள், எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பும் அப்பியிருக்கும்போதே எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அதுவரை அதன்மேல் யாரும் புளியை வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.